இடிந்த சுவரும் நகராத ஆஸ்டினும்

கிளாரன்ஸுக்குக் கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. திறந்திருந்தால் நேரே உள்ளே வருவான். சாத்தியிருந்தால் ஜன்னல் வழியாகப் பேச ஆரம்பித்துவிடுவான். ஐம்பத்தெட்டாம் வருஷம், தசரா முடிந்த மறுநாள் காலை, பெங்களூர் அல்சூரில் ஞானசேகரன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவன் முகம் முளைத்தது. ஞானசேகரனுக்குப் பாதிக் கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை இருந்தது.

"அநியாயம் சார்! உங்க கம்பெனி பண்றது பச்சை அநியாயம்!"

"என் கம்பெனி இல்லப்பா, உன் கம்பெனி. ஏஜெண்டு நீ. நான் போய்ப் பார்த்துட்டு வந்து எழுதிக் கொடுக்கிறவன், அவ்வளவுதான்."

உண்மைதான். ஞானசேகரன் சர்வேயர். எங்கேயாவது வீடு எரிந்தால், கார் மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்வார்கள். எந்தக் கம்பெனியிலும் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அதனால் யாருக்காகவும் உண்மையை வளைக்க வேண்டிய அவசியமும் கிடையாது. கிளாரன்ஸ் பாலிசி பிடித்துக் கொடுக்கிறவன். ஏதாவது கேஸ் வந்துவிட்டால் போதும், அவர் பின்னாலேயே சுற்றுவான். தனக்குள்ளே ஒரு பெரிய துப்பறிவாளன் தூங்கிக்கொண்டிருப்பதாக அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. இதுவரை அந்த ஆள் விழித்துக்கொண்டதில்லை.

"பாலிசிக்காரங்களையே கூட்டிட்டு வந்திருக்கேன் சார்" என்று கதவுப் பக்கம் கை காட்டினான். அங்கே கையில் குடையும் முகத்தில் கவலையுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஞானசேகரன் அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு, அவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்.

ஜோசஃபின் அம்மாளுக்குக் காக்ஸ் டவுனில் சொந்த வீடு. கணவர் ரெமிஜியஸ் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவர் விட்டுப்போன பழைய ஆஸ்டின் காரை டாக்சியாக ஓட்டி, அதில் வருவதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. ஓட்டுகிறவர் ஜீவனஹள்ளி அய்யாவு.

"ஆயுத பூஜை அன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல ஜெபமாலைக்குப் போயிருந்தேன் சார். நல்ல மழை. திரும்பி வந்து பார்த்தா, பின்பக்கத்துச் சுவர் இடிஞ்சு அப்படியே கார் மேல விழுந்து கிடக்கு. காரோட பின்பாதி அப்பளம் மாதிரி நொறுங்கிப் போச்சு."

"பாலிசி என்னென்ன எடுத்திருக்கீங்க?"

கிளாரன்ஸ் முந்திக்கொண்டான். "வீட்டுக்குத் தீ விபத்து பாலிசி சார். அதுகூடவே வெளியாள் வண்டி ஏதாவது வந்து மோதினாலும் சேதத்தைக் கொடுப்பாங்க. மழை, புயல், வெள்ளம் மட்டும் வேண்டாம்னுட்டாங்க."

"கடலா இருக்கு, புயலா அடிக்குது நம்ம ஊர்ல, அதுக்கு எதுக்குக் காசு கட்டணும்னு நான்தான் சொன்னேன்" என்றார் ஜோசஃபின் அம்மாள், தலை குனிந்து.

"காருக்கு?"

"சட்டத்துக்குக் கட்டாயமானது மட்டும்தான் சார். அந்தக் கார் யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் கிடைக்கும். காருக்கே அடிபட்டா ஒண்ணும் கிடைக்காது."

ஞானசேகரன் விரல் விட்டுச் சொன்னார். "அப்போ விஷயம் இவ்வளவுதான். சுவர் மழையில இடிஞ்சிருந்தா ஒண்ணும் வராது. சொந்தக் கார் மோதி இடிஞ்சிருந்தாலும் வராது. வேற யாரோட வண்டியோ மோதியிருந்தா சுவருக்கு உங்க பாலிசியில வரும், காருக்கு அந்த வண்டிக்காரனோட பாலிசியில வரும். மேனேஜர் என்ன சொல்றார்?"

"அய்யாவு பண்டிகைக் குடியில காரை வெளியே எடுத்துட்டுப் போயி, திரும்பி ரிவர்ஸ்ல வரும்போது சுவர்ல விட்டுட்டான்னு சொல்றார் சார். பின்னால இருக்கிற லாரிக்கார கிருஷ்ணப்பா பார்த்ததா சாட்சி சொல்றாரு. பொய் க்ளெய்ம்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாராம். நாளைக்குக் காலையில மேனேஜரே வீட்டுக்கு வர்றார். அதுக்குள்ள நீங்க ரிப்போர்ட் கொடுக்கணும்."

ஜோசஃபின் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கார் போனா சோத்துக்குத் திண்டாட்டம்தான் சார், இல்லேங்கல. ஆனா அய்யாவு ஜெயிலுக்குப் போகக் கூடாது. என் வீட்டுக்காரர் போனதும் காரை வித்துடலாம்னு இருந்தேன். 'விக்காதீங்கம்மா, நான் ஓட்டித் தர்றேன்'னு வந்து நின்னவன். அன்னிலேர்ந்து ஒரு நாள் என்னைப் பட்டினி போட்டதில்ல. எங்க கூடப் பிறந்ததுங்க கூட அவ்வளவு செய்யல. கார் நகரவே இல்லைன்னு சத்தியம் பண்றான். உனக்கு எப்படித் தெரியும், நீதான் வீட்டுக்குப் போயிட்டியேன்னு கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

"வாங்க, போய்ப் பார்த்துடலாம்" என்று எழுந்தார் ஞானசேகரன்.

மூவரும் ஜட்கா பிடித்துக் காக்ஸ் டவுன் போனார்கள். வழியெல்லாம் கிளாரன்ஸ், மோதியது மிலிட்டரி லாரியாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, மிலிட்டரி லாரிதான் பெரிதாக இருக்கும் என்றான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம். முற்றத்தின் கோடியில் தகரக் கொட்டகை. அதையொட்டிப் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. ஆஸ்டின் கார் வீட்டைப் பார்த்து முகமும், சுவரைப் பார்த்து முதுகுமாக நின்றிருந்தது. முன்பாதி பளபளவென்று புதிதாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பின்பாதிமேல் செங்கல்லும் மண்ணும் தகரமும் குவிந்து, கூரை பின் சீட்டுவரை அமுங்கிப்போயிருந்தது.

கொட்டகை ஓரத்தில் அய்யாவு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். ஞானசேகரனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கிளாரன்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். "சார்! சுவர் உள்பக்கமா விழுந்திருக்கு. அப்படின்னா வெளியிலேர்ந்துதான் தள்ளியிருக்காங்க. கேஸ் முடிஞ்சுது!"

"நிக்கிறவன் காலைத் தட்டிவிட்டா அவன் எந்தப் பக்கம் விழுவான்?"

கிளாரன்ஸ் யோசித்தான். "தட்டினவன் பக்கமே சாய்வான்."

"காரோட பம்பர் சுவரோட காலைத் தட்டியிருந்தா, மேல்பாதி கார் மேலதான் சாயும். மேனேஜர் அதைத்தான் சொல்வார். இன்னும் பாரு."

ஞானசேகரன் குவியலிலிருந்து செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நிறைய கற்கள் இரண்டாகப் பிளந்திருந்தன. சந்துப் பக்கம் போய், இடிந்ததற்கு இரு புறமும் மிச்சம் நின்ற சுவரைத் தட்டிப் பார்த்தார். பூச்சு கெட்டியாக இருந்தது. அடிப்பக்கமும் அசையவில்லை. சந்து வீட்டுச் சுவரை நோக்கிச் சரிந்து இறங்கியது. தரையில், இடிந்த இடத்துக்குச் சற்று மேலே, பூசணிக்காய் உடைத்த அடையாளம். குங்குமம் கலந்து சிவந்த சதையும் விதையும் மண்ணோடு மண்ணாக இழுபட்டு, சுவர்ப் பக்கமே நீண்டு போயிருந்தது.

"ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் உடைச்சிருக்காங்க சார். எங்க தெருவுல வழுக்கி விழுந்து ஒரு பால்காரர் கையை ஒடிச்சுக்கிட்டாரு" என்றான் கிளாரன்ஸ். "இதெல்லாம் பார்த்துட்டிருந்தா பொழுது போயிடும். வாங்க."

ஞானசேகரன் திரும்ப முற்றத்துக்கு வந்து, காரின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சக்கரத்தின் முன்பக்கத்தில், டயரும் தரையும் சேரும் இடுக்கில், ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. மறு சக்கரத்திலும் அப்படியே. பிறகு பின்னால் போய், இடது பின்சக்கரத்தை மூடிக் கிடந்த செங்கற்களைப் பொறுமையாக அகற்றினார். கிளாரன்ஸ் உதவி செய்கிறேன் என்று ஒரு கல்லைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டு, "ஐயோ அம்மா!" என்று ஒற்றைக் காலில் குதித்தான். கற்களுக்கு அடியில் மூன்றாவது பழம். மேலே விழுந்த கல் கொஞ்சம் கீறியிருந்தது. மற்றபடி முழுசாகவே இருந்தது. ஒரு பக்கம் குங்குமப் பொட்டு.

ஞானசேகரன் அதை எடுக்காமல் மறுபடி கல்லை மேலே வைத்து மூடினார். "அய்யாவு, இன்ஜின் ஓடுதான்னு பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணுங்க."

"செல்ஃப் வேலை செய்யாதுங்க. ரொம்ப நாளாவே ஹேண்டில் போட்டுத்தான் சுத்தணும்."

"சரி, போட்டுச் சுத்துங்க."

அய்யாவு தயங்கினார். "ஹேண்டில் வீட்ல கீதுங்க. போய் எடுத்தாரேன்."

ஜீவனஹள்ளி பக்கம்தான். அவர் போய் வருவதற்குள் ஜோசஃபின் அம்மாள் காப்பி கொடுத்தார். இரும்பு ஹேண்டில் வந்தது. ஞானசேகரன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வளைவில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு மல்லிகைக் காம்பும் சிக்கியிருந்தது. கிளாரன்ஸ் முன்னால் போட்டு இரண்டு சுற்றுச் சுற்ற, இன்ஜின் சமர்த்தாக உறுமியது. அய்யாவு முகத்தில் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது.

"அய்யாவு, கார் நகரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அய்யாவு ஜோசஃபின் அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் பார்வையைத் தரைக்கே இறக்கிவிட்டார். "தெரியுங்க. அவ்ளோதான். வேற இன்னா கேட்டாலும் சொல்றேன், அது மட்டும் வேணாங்க."

அந்த நேரத்தில் இடிந்த சுவர் வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. கிருஷ்ணப்பா. சந்தின் மேல்முனையில் வீடு. செங்கல், மணல் அடிக்கும் சொந்த லாரி. வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம்.

"நமஸ்கார ஸ்வாமி. நான்தான் சாட்சி" என்று கன்னடம் கலந்த தமிழில் அவராகவே ஆரம்பித்தார். "சாயங்காலம் மழையில நான் வாசல்ல நின்னிருந்தேன். இந்தக் கார் வெளியே போச்சு, திரும்பி வந்துச்சு. அப்புறம் தடால்னு சத்தம். சும்னே ஏன் பொய் சொல்லணும்? ஜோசஃபின் அம்மாவ்ரு என் பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த மகராசி. அவங்களுக்கு நஷ்டம்னா எனக்குச் சங்கடம்தான். ஆனா கண்ணால பார்த்ததைச் சொல்லித்தானே ஆகணும்."

கிளாரன்ஸ் பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் உருவினான். "சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க!"

"அவசரம் இல்ல" என்றார் ஞானசேகரன். "நாளைக்கு மேனேஜர் முன்னாலேயே எழுதிக்கலாம். கிருஷ்ணப்பா, உங்க லாரியைப் பார்க்கலாமா? பூஜை ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கன்னு சந்துலேர்ந்தே தெரியுது."

கிருஷ்ணப்பாவுக்கு அது பிடித்திருந்தது போலவும் இருந்தது, பிடிக்காதது போலவும் இருந்தது. எல்லோரும் சந்தில் ஏறிப் போனார்கள். லாரியின் முன்பக்கம் வாழைக்கன்று, வாடிய செவ்வந்திமாலை. பானெட்டில், கதவுகளில், இரண்டு பக்கப் பலகைகளில், பெட்ரோல் டாங்க்கில்கூட சந்தனமும் குங்குமமும் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு போல்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

கிளாரன்ஸ் ஸ்டைலாகப் பின்பலகையில் சாய்ந்துகொண்டு, "மிலிட்டரி லாரி ஏதாவது இந்தப் பக்கம் வந்துதா?" என்று விசாரித்தான். கிருஷ்ணப்பா இல்லையென்று தலையாட்டினார். கிளாரன்ஸ் நிமிர்ந்தபோது, அவனுடைய புது டெரிலின் சட்டையின் முதுகெல்லாம் பச்சை.

"ஐயையோ! தீபாவளிக்கு வாங்கின சட்டை சார்! ஈரப் பெயிண்டு! சொல்லக் கூடாதா சார்?"

"மன்னிச்சுக்கோங்க ஸ்வாமி, நேத்துதான் அடிச்சேன். மழைக் குளிர், காயவே மாட்டேங்குது" என்றார் கிருஷ்ணப்பா. ஞானசேகரன் பச்சைப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். சட்டை போன துக்கத்தில் கிளாரன்ஸ் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே ஒரு சாதனை.

மறுநாள் காலை ஜோசஃபின் அம்மாள் வீட்டு ஹாலில் மாதா படத்துக்குக் கீழே எல்லோரும் கூடினார்கள். மேனேஜர் கோட்டும் டையுமாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணப்பா சுவரோரம். அய்யாவு, எவ்வளவு சொல்லியும் உட்கார மாட்டேன் என்று கதவருகே நின்றார். கிளாரன்ஸ் வேறு சட்டையில் வந்திருந்தான்.

"ரிப்போர்ட் எங்கே?" என்றார் மேனேஜர்.

"வாயால சொல்லிடறேன், அப்புறம் எழுதிக் கொடுக்கறேன்" என்றார் ஞானசேகரன். "முதல்ல மழை. மழையில நனைஞ்சு சரிஞ்ச சுவரா இருந்தா, அடியில மண் கரைஞ்சிருக்கும், கல் கல்லாப் பிரிஞ்சு வந்திருக்கும். இங்கே செங்கல் ரெண்டாப் பிளந்திருக்கு. பக்கத்துச் சுவர் கெட்டியா நிக்குது. ஏதோ கனமான ஒண்ணு இடிச்சிருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். கார் இடிச்சிருக்கு."

"கார் நகரவே இல்ல. அய்யாவு சொன்னது சத்தியம்." ஞானசேகரன் அய்யாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு அம்மா கோயிலுக்குப் போனதும், நீங்க காருக்கு ஆயுத பூஜை பண்ணீங்க."

அய்யாவு பேயறைந்தவர் போல் ஆனார். ஜோசஃபின் அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காரைத் துடைச்சு, நாலு சக்கரத்துக்கும் முன்னால எலுமிச்சம்பழம் வெச்சீங்க. மறுநாள் விஜயதசமி காலையில முதல் முதலா காரை எடுக்கும்போது அதெல்லாம் நசுங்கணும், அப்புறம்தான் சவாரி. அதுவரைக்கும் கார் ஓய்வு. பூஜை நடந்த அடையாளம் வேற எங்கேயும் தெரியாம மறைச்சுட்டீங்க, பூசணிக்காயைக்கூட முன்வாசல்ல உடைக்காம சந்துல உடைச்சீங்க. ஆனா வண்டி நசுக்காம பழத்தை எடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டீங்க. பின்சக்கரத்துப் பழம் செங்கல்லுக்கு அடியில மாட்டிக்கிச்சு. மேனேஜர் சார், அந்தப் பழத்தை நானே தோண்டிப் பார்த்தேன். முழுசா இருக்கு. வாங்க, நீங்களும் வந்து பார்க்கலாம். சுவர் விழறதுக்கு முன்னாலேயே வெச்ச பழம் அது, இல்லேன்னா கல்லுக்கு அடியில போயிருக்காது. அதை வெச்சதுக்கப்புறம் கார் வெளியே போயிருந்தா நசுங்கிக் கூழாகியிருக்கும். அது நசுங்கல. அப்போ பூஜை முடிஞ்சதுலேர்ந்து சுவர் விழற வரைக்கும் கார் ஒரு இம்மி நகரல."

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார். "வேற யாராவது..."

"யாராலயும் முடியாது. செல்ஃப் செத்துப்போன கார். ஹேண்டில் இல்லாம கிளம்பாது. ஹேண்டில் அன்னிக்கு அய்யாவு வீட்ல சாமி முன்னால, சந்தனம் பூவோட இருந்துச்சு. பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுநாள் புனர்பூஜைக்கு முன்னால எந்த டிரைவரும் தொட மாட்டான். ஆக, கார் வெளியே போச்சு, திரும்பி வந்துச்சுன்னு சொன்னது உண்மையில்ல."

எல்லோரும் கிருஷ்ணப்பாவைப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பா மாதா படத்தைப் பார்த்தார்.

"கிருஷ்ணப்பா" என்று மெதுவாகச் சொன்னார் ஞானசேகரன், "வண்டிக்குப் பெயிண்ட் எல்லாரும் எப்போ அடிப்பாங்க? ஆயுத பூஜைக்கு முன்னால. உங்க லாரியில போல்ட்டுக்குக்கூடப் பொட்டு வெச்சிருக்கீங்க. பின்பலகையில மட்டும் ஒரு பொட்டு இல்ல. அது பூஜைக்கு அப்புறம் அடிச்ச பெயிண்ட். கிளாரன்ஸ் சட்டையே சாட்சி. பூஜை முடிஞ்சு இவ்வளவு அவசரமா அந்த ஒரு பலகைக்கு மட்டும் ஏன் பெயிண்ட்? சந்துல லாரியை ரிவர்ஸ்ல இறக்கினீங்க. சரிவு, மழை, நடுவுல பூசணிக்காய். சக்கரம் வழுக்கிச்சு, பிரேக் பிடிக்கல. பூசணிச் சதை சுவர் வரைக்கும் இழுபட்டுக் கிடக்கு. புதுப் பெயிண்டுக்கு அடியில சுரண்டிப் பார்த்தா சுவரோட சுண்ணாம்பு இன்னும் இருக்கும்."

கிளாரன்ஸ் துள்ளி எழுந்தான். "நான் அப்பவே நினைச்சேன் சார்! பெரிய லாரின்னு சொன்னேனா இல்லையா?"

"உட்காருப்பா."

கிருஷ்ணப்பாவின் தோள் இறங்கிவிட்டது. "தப்பாயித்து ஸ்வாமி" என்றார். "வேணும்னு இடிக்கல, சாமி சத்தியமா. இறங்கிப் பார்த்தேன், கார் அப்பளமா கிடக்கு. சுவரும் காரும் என் தலையில விழும், லாரியை வித்தாத்தான் கட்ட முடியும்னு பயந்துட்டேன். அந்த பயத்துல இவன் பேர் வாயில வந்துடுச்சு. அம்மாவ்ரே, உங்க முகத்தைப் பார்க்கவே எனக்கு யோக்கியதை இல்ல."

"ஏன்யா விக்கணும்?" என்று கத்தினான் கிளாரன்ஸ். "உங்க லாரிக்கு முழு பாலிசி இருக்கு! நான்தானே எழுதினேன்! அடுத்தவன் சொத்துக்குச் சேதம்னா அதுலேர்ந்தே கொடுப்பாங்க!"

கிருஷ்ணப்பா வாயைப் பிளந்தார். "அது ஆள் செத்தாத்தான்னு நினைச்சேனே!"

"நான் எடுத்துச் சொன்னேனா, இல்ல கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போயிட்டேனான்னு..." கிளாரன்ஸ் குரல் தேய்ந்து நின்றது. அவன் வாழ்க்கையில் பாதியில் நின்ற முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "பொய்ச் சாட்சி சொன்னவருக்கு..."

"எழுத்துல ஒண்ணும் தரல. தர விடல நான். இப்போ விபத்து நடந்ததைத் தானே வந்து சொல்லியிருக்கார். பாலிசி சொல்ற கெடுவுக்குள்ளதான் சொல்லியிருக்கார்."

"அப்போ பூசணிக்காயை உடைச்ச டிரைவர் பேர்ல..."

"அதுக்குக் கேஸ் போடறதுன்னா பெங்களூர்ல முக்கால்வாசிப் பேர் மேல போடணும் சார். உங்க ஆபீஸ் வாசல்ல உங்க காருக்கு முன்னால உடைச்சது யாரு?"

மேனேஜர் டையை மறுபடி இறுக்கிக்கொண்டார். பிறகு, நல்ல மனிதர்தான், சிரித்தும் விட்டார். "சரி. சுவர் அம்மா பாலிசியில. கார் கிருஷ்ணப்பா பாலிசியில. ரெண்டு பையும் என்னுதே. எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

கிருஷ்ணப்பா ஞானசேகரன் காலில் விழப்போனார். அவர் பிடித்து நிறுத்தி, ஜோசஃபின் அம்மாள் பக்கம் திருப்பிவிட்டார். "போங்க, போய்ப் பொண்ணைப் படிக்கச் சொல்லுங்க. மறுபடி அனுப்புங்க" என்றுதான் அந்த அம்மாள் சொன்னார். கிருஷ்ணப்பா வாசலில் அய்யாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். மேனேஜரும் கிளம்பினார்.

ஆனால் அய்யாவு கதவருகே அப்படியே நின்றார்.

"என் கையாலயே நான் இதைப் பண்ணிட்டேனேம்மா" என்றார். "வண்டிக்கு நல்லது நடக்கணும்னு உடைச்ச பூசணிக்காய்ம்மா அது. அதுலதான் லாரி வழுக்கிச்சுன்னா, நானே இடிச்ச மாதிரிதானே? நீங்க நம்ம கார்ல இதெல்லாம் வேணாம், மாதா கோயில் சாமியார் வந்து மந்திரிச்சாப் போதும்னு அப்பவே சொன்னீங்க. உங்க பேச்சை மீறிட்டேன். என் புள்ளைங்க சோறு துன்னுதுன்னா அந்தக் காரால. அதுக்கு ஒரு நாள் கும்பிடாம இருக்க மனசு வரலம்மா. சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் வாயைத் திறக்கல."

ஜோசஃபின் அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு களுக்கென்று சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அட பைத்தியக்காரா! எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? வருஷா வருஷம் டிக்கிக் கதவு உள்பக்கத்துல சந்தனம் வெச்சுட்டுப் போவியே, அதை யார் துடைக்கிறதுன்னு நினைச்சே? நான்தான். நீ போனதும் மாதா கோயில் தீர்த்தத்தை நாலு பக்கமும் தெளிப்பேன். நீ பார்த்தா மனசு சங்கடப்படுவியேன்னு சொன்னதில்ல."

அய்யாவு திகைத்துப்போய் ஞானசேகரனைப் பார்த்தார். ஞானசேகரன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பார்க்க வேண்டியதிருப்பது போல் திரும்பிக்கொண்டார்.

"கிளாரன்ஸ்" என்றார் அந்த அம்மாள். "புதுசா பாலிசி எழுதணும்."

கிளாரன்ஸுக்கு உயிர் வந்தது. "காருக்கு முழு பாலிசியா? வீட்டுக்கு மழையும் சேர்த்துடலாமா?"

"எல்லாம் எழுது. முதல்ல இதைச் சொல்லு. வண்டி ஓட்டறவனுக்கு அடிபட்டா, இல்ல அவனுக்கே ஏதாவது ஆயிட்டா, அவனுக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கிற மாதிரி ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேட்கலையேம்மா."

"ஆமா. நான் கேட்கல." ஜோசஃபின் அம்மாள் அய்யாவைப் பார்த்துத் திரும்பினார். "செங்கல்லுக்குக் காசு கட்டினேன். கூரைக்குக் கட்டினேன். அந்த வண்டியை ஓட்டறவனை மறந்துட்டேன் அய்யாவு."

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"எதுக்கா? நீ தினம் அந்த நேரத்துக்கு எங்கே இருப்பே?"

அய்யாவு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாயங்கால ரயில் சவாரிக்குப் போகுமுன் கொட்டகையிலே காரின் பின் சீட்டில் கால் நீட்டிக் கொஞ்சம் கண்ணயர்வது அவருடைய பல வருஷ வழக்கம். இப்போது அந்தப் பின் சீட்டின்மேல் கூரை வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு மனிதன் அங்கே படுத்திருக்க முடியாது. படுத்திருந்தவன் எழுந்திருக்கவும் முடியாது. அன்று ஆயுத பூஜை, காருக்கு ஓய்வு என்பதால்தான் அவர் வீட்டில் மனைவி எல்லம்மாவோடும் பிள்ளைகளோடும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி முழுக்க அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார் ஜோசஃபின் அம்மாள். "சுவர் போகட்டும், கார் போகட்டும். அன்னிக்கு நீ பூஜை பண்ணாம இருந்திருந்தா, நான் கோயில்லேர்ந்து வந்து எதைப் பார்த்திருப்பேன்? நான் ஜெபமாலை சொன்னதுல நீ பிழைச்சியா, இல்ல உன் சாமி காப்பாத்திச்சா, எனக்குத் தெரியாது. நான் ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிட்டேன்."

அய்யாவு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவரை யாரும் தேற்றப் போகவில்லை. கிளாரன்ஸ்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தான்.

"பேரு அய்யாவு. வயசு?"

"தெரியாதுங்க" என்றார் அய்யாவு துண்டுக்குள்ளிருந்து.

"எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரைவிட ரெண்டு வயசு இளையவன். நாற்பத்தெட்டு, எழுதிக்கோ" என்றார் ஜோசஃபின் அம்மாள். பிறகு ஒரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து அய்யாவுக்குப் பக்கத்தில் போட்டார். "இப்பவாவது உட்காரு."

அய்யாவு உட்கார்ந்தார்.